சாவு சொன்னால்தான் லீவு

போன வாரம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய வேலையில் என்னோடு இருந்த தோழி ஒருத்தி வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "இந்த மூஞ்சி ஞாபகம் கீதா?" மறக்கிற மூஞ்சியா அது! எங்கள் பழைய மேனேஜர். கோட்டு, டை, காதிலிருந்து கன்னம் வரை நீண்ட மைக். பின்னால் திரையில், 'குழுவில் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எதிரே ஒரு கூடம் நிறைய இளம்பிள்ளைகள், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. அவர் மேடையின் ஓரத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்: "என் டீம்ல ஒரு அம்மா இருந்தாங்க. ரூம் சுத்தம் பண்றவங்க. சொந்தப் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். அன்னிக்கு அந்தம்மா எங்க இருந்தாங்க தெரியுமா? வேலையில. என்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. அதுக்குப் பேர்தான் நம்பிக்கை." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

சீ! செங்கல்பட்டு ரயில் வந்து, நின்று, போயே போய்விட்டது. நான் ஏறவில்லை. அந்த வீடியோவில் அவர் துடைத்த கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இருந்ததா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கியிருக்காது.

அந்த நாளில் அங்கே இருந்தவள் நான். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட். அதில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் போன் எடுக்கிற வேலை எனக்கு. எந்த அறைக்குத் துண்டு வேண்டும், எந்த அறையில் ஏ.சி. ஒழுகுகிறது, எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். வேலைக்கு வராதவர்கள் காலையில் கூப்பிடுவதும் என்னைத்தான். என் மேஜைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர். ஆகவே அவருடைய ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு ஏப்பமும் எனக்கு அத்துப்படி. வி.ஐ.பி. அறைகளுக்குப் போகிற பழக்கூடை என் மேஜையைத் தாண்டும்போது அதிலிருந்து முந்திரியை மட்டும் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார். விருந்தினருக்கென்று மடித்து வைத்த வெள்ளைத் துண்டில் வாயைத் துடைத்துத் தரையில் போடுவார். குனிந்து எடுப்பதற்கு யாராவது ஒரு பெண் அங்கே இருப்பாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது அவருடைய ஒரு சொல். பாத்துக்கலாம். நம் மொழியில் அதைப்போல வழுக்குகிற சொல் வேறு இல்லை என்று நினைக்கிறேன். கேட்கிறவருக்கு அது 'நான் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன்' என்று விழும். சொல்கிறவருக்கோ 'அப்போது என்ன நடக்கிறதோ நடக்கட்டும்' என்று அர்த்தம். ஒரே சொல்லில் வாக்கும் இருக்கிறது, கைகழுவலும் இருக்கிறது. அவர் அந்தச் சொல்லிலேயே குடும்பம் நடத்தினார். அடுத்த வாரம் இருநூறு பேர் கல்யாணம் வருகிறது, ஆள் போதாதே சார் என்றால், பாத்துக்கலாம். துணி துவைக்கிற மெஷின் சத்தம் போடுகிறது சார் என்றால், பாத்துக்கலாம் விடு. மெஷின் நின்றபிறகு எல்லாரையும் நிற்க வைத்து, "முன்னாடியே யாரும் ஏன் சொல்லல?" என்று கத்துவார். சொன்னவளும் அந்த வரிசையில்தான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

லீவு விஷயத்தில் இது இன்னும் கேவலமாக இருந்தது. பண்டிகை, பிள்ளைக்குக் காது குத்து, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே போய்ச் சொன்னவர் யாருக்கும் லீவு கிடைத்ததில்லை. பாத்துக்கலாம்தான் கிடைக்கும். ஆனால் அன்று காலையில் போன் செய்து, வீட்டில் ஒரு சாவு என்று சொன்னால் உடனே கிடைத்துவிடும். சாவுக்கு எதிராக அவரால்கூட ஒன்றும் பேச முடியாது. இதை ஜனங்கள் எத்தனை நாளில் கண்டுபிடிப்பார்கள்? சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் பிரிவில் சாவாகச் செத்தார்கள். தாத்தாக்கள், சித்தப்பாக்கள், ஊரில் இருக்கிற, ஊரிலேயே இல்லாத பெரியம்மாக்கள். தோட்டத்து அண்ணன் ஒருத்தர் தன் மாமனாரை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கொன்றார். அந்த மாமனார் திருப்போரூர் சந்தையில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

மேனேஜருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. "சாவுன்னு எவனாவது போன் பண்ணா ஸ்பீக்கர்ல போடு" என்று என்னிடம் உத்தரவு போட்டார். போனில் அழுகிறவர்கள் நிஜமாக அழுகிறார்களா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார், தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. "யாரும்மா செத்தது? எப்போ? பின்னாடி சத்தமே இல்லையே?" என்பார். ஒரு பெண்ணுக்கு நிஜமாகவே அப்பா இறந்துபோய், அவள் பேச்சு வராமல் விம்மியபோதும் அதே தலைச்சாய்ப்புதான். அவள் வைத்தபிறகு என்னைப் பார்த்து, "இது ஒரிஜினல்" என்றார்.

இப்படிப்பட்ட இடத்தில் பொய்யே சொல்லாத ஒரு மனுஷி இருந்தாள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு ஊர். அவளுடைய மாமனார் காலம் வரை பிறத்தியார் வயலில் நாற்று நட்ட குடும்பம். இவள்தான் முதலில் மாதச் சம்பளத்துக்கு வந்தவள். ஒரே மகள், நர்சிங் படித்தவள். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது அக்கா திருவிடந்தைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, அவளைக் கூட்டிப்போய் மாலை போட்டுச் சுற்ற வைத்தாள். ஒருவழியாக நல்ல இடம் கூடி வந்தது. நாள் குறித்த அன்றே, அன்றைக்கே, வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக மேனேஜரிடம் போனாள். மூன்று வாரம் முன்னால்.

"பொண்ணுக்கு நிச்சியம் வெச்சிகிறோம் சார். ஒரு நாளு லீவு வோணும். இப்பவே சொல்லிட்டா நீங்க வேற ஆளு போட வசதியா இருக்கும்ல, அதான்."

திட்டமிடுதல் என்று இன்றைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் வகுப்பு எடுக்கிறார்கள். அந்த இரண்டு வரிக்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தன் தேவையைச் சொன்னாள், அதனால் அவருக்கு வருகிற சிரமத்தையும் யோசித்தாள், அதற்கு வழியும் சொன்னாள். அவர் போனைத் தேய்த்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "வாழ்த்துகள்மா. பாத்துக்கலாம்."

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "உனுக்கு இன்னா பைத்தியமாக்கா? அதப் போயி சொல்லிகினு கீற. அன்னிக்குக் காலைல போன் போட்டு மாமியா பூட்டாங்கன்னு சொன்னா முடிஞ்சிது கத." அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "அடியே, நல்ல காரியம் வெச்சிகினு வாயால சாவு சொல்லுவாங்களா? அதுவும் எம் பொண்ணு காரியத்துக்கு? வேலையே போனாலும் அந்த வார்த்த எம் வாய்ல வராது." அதற்குப் பிறகு ஒரு கணம் யோசித்து, "அதுவுமில்லாம எம் மாமியா செத்து எவ்ளோ வருசம் ஆவுது!" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் இரண்டு தடவை அவரிடம் ஞாபகப்படுத்தினேன். இரண்டு தடவையும் அதே பதில். நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டார். மறுநாள் ஒரு பெரிய கல்யாணக் கோஷ்டி வந்து இறங்குகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருந்தது. மாதக்கணக்காகப் பலகையில் எழுதி வைத்திருந்த விஷயம் அது. "காலைல மட்டும் வந்து பொண்ணு மாப்பிள்ளை ரூமைப் பாத்துட்டுப் போயிடும்மா. உன் கை மாதிரி வராது. பத்து மணிக்கு வேற ஆள் வந்துடுவாங்க, நான் வேன் போட்டு உங்க வீட்டு வாசல்ல இறக்கிடறேன்." தட்டு மாற்றுவது பதினொன்றரைக்கு மேல்தான். வேனில் போனால் தாராளமாக நேரம் இருக்கிறது. அக்கா சரி என்றாள்.

காலையில் வரும்போது ஒரு துணிப்பையில் பட்டுப்புடவையும் மல்லிப்பூவும் கொண்டுவந்து லாக்கரில் வைத்தாள். இங்கேயே கட்டிக்கொண்டு, வேனில் போய் இறங்கி நேராகச் சபையில் நிற்பது என்று திட்டம். சீருடையை மாட்டிக்கொண்டு மேலே போனாள். அரைமணி நேரம் கழித்து என் மேஜைக்குப் போன் வந்தது. அக்காவுக்குப் பதிலாக வரவேண்டிய பெண். பெரியப்பா தவறிவிட்டாராம். ஸ்பீக்கரில் போட்டேன். மேனேஜர் தலையைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். "சரிம்மா, போயிட்டு வா" என்றார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். முந்தின வாரம் அவளும் உண்மையைச் சொல்லி ஒரு நாள் கேட்டிருந்தாள், அவளுக்கும் பாத்துக்கலாம்தான் கிடைத்திருந்தது. ஒருத்தர் பொய் இன்னொருத்தர் உண்மையின் தலையில் போய் விழுந்தது, அவ்வளவுதான்.

"சார், அக்கா போகணுமே?" என்றேன். "பாத்துக்கலாம்." "வேன் எங்க சார்?" "வந்துகினே இருக்கும், விடும்மா." நான் டிரைவருக்குப் போன் போட்டேன். அவர் கல்யாணத்துக்குப் பூ எடுத்துவரச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தார். அக்காவைக் கொண்டுபோய் விடவேண்டும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. நான் படியேறி ஓடினேன். அக்கா அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் கட்டிலில் ரோஜா இதழ்களை வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, வேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படியே கீழ எறங்கி மெயின் ரோட்ல பஸ்ஸப் புடி, இல்ல ஆட்டோவப் புடி, போ" என்று கத்தாத குறையாகச் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அனுப்பறேன்னு வாயால சொல்லிகிறாரும்மா. நான் பாட்டுக்கு எறங்கிப் போயிட்டா அவரு பேச்சுக்கு இன்னா மரியாத? இன்னும் கொஞ்சம் பாப்போம். வரும்."

அந்த மனுஷனுடைய வார்த்தைக்கு அவனே கொடுக்காத மரியாதையை அவள் கொடுத்தாள். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பத்தேமுக்காலுக்கு அவளுக்கே புரிந்துவிட்டது. கீழே இறங்கி, லாக்கரிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கல்யாண வண்டிகள் வரிசையாக வந்து வாசலை அடைத்திருந்தன. மேனேஜர் அங்கேதான் கும்பிட்டபடி நின்றார். அவளைப் பார்த்ததும், "அம்மா, மாடில ரெண்டு ரூம் ரெடி இல்லைன்னு கத்தறாங்க, அதை மட்டும் முடிச்சிடு, மானம் போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அத்தனை பேர் எதிரில், கோட்டு போட்ட ஆள் கும்பிடுகிறார். அக்கா திரும்பி மாடி ஏறினாள்.

மகள் வீடியோவில் கூப்பிட்டபோது அவள் ஒரு குளியலறையில் இருந்தாள். அறைக்குள் போன் பேசக்கூடாது என்பதால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் பின்னாலேயே ஏறி வந்திருந்த நான் குளியலறை வாசலில் நின்றேன். சின்னத் திரையில் ஒரு பந்தல், நிறையத் தலைகள். அவளுடைய புருஷன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில், அக்கா நிற்கவேண்டிய இடத்தில், அவளுடைய நாத்தனார். "பெத்தவ எங்க?" என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் யாரோ கேட்பது தெளிவாகக் கேட்டது. அக்கா போனை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பதுபோல் அந்த வாஷ்பேசினைத் தேய்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். செய்தார். அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, அக்காவை நடுவில் கூப்பிட்டு, 'இந்த மாத நம்பிக்கை நட்சத்திரம்' என்று சொல்லி ஒரு ஜரிகைச் சால்வையைப் போர்த்தினார். "தன் மகள் நிச்சயதார்த்தத்தைவிட நம்ம டீம் பெருசுன்னு நெனைச்ச அம்மா!" போட்டோ எடுத்து, இதே வரியோடு கம்பெனி பேஸ்புக்கில் போட்டார்கள். போட்டோவில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அக்கா சால்வைக்குள் இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். கைதட்டச் சொன்னார். நாங்கள் தட்டினோமா? ஒருத்தர்கூடத் தட்டவில்லை. அவர் மட்டும் தட்டினார். தன் கைச்சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை, அதுதான் எனக்கு அருவருப்பு.

இன்றைக்கு நானும் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், வேறொரு இடத்தில். யாராவது வந்து லீவு கேட்டால் அன்றைக்கே ஆமாம் அல்லது முடியாது என்று சொல்லிவிடுவேன். முடியாது என்றால் முகம் சுண்டிப்போவார்கள், திட்டுவார்கள், திட்டட்டும். ஆமாம் என்றால் அவர்கள் எதிரிலேயே மாற்று ஆளைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இதைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் அந்த ஆள் முப்பது பேரைப் பொய்யர்களாக்கினார்.

நல்லவேளை, நிச்சயம் முறியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுப்போடு கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். இந்த முறை அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லாக்கர் அறையில் குங்குமச் சிமிழோடு வந்து ஒவ்வொருத்தருக்கும் பத்திரிகை வைத்தாள். எனக்கு, துணி துவைக்கிறவர்களுக்கு, வாட்ச்மேனுக்கு, மாமனாரைக் கொன்ற தோட்டத்து அண்ணனுக்கு, எல்லாருக்கும். அவருக்கு மட்டும் வைக்கவில்லை. "அவரு பேர எழுதக் கை வர்லம்மா" என்றாள். அந்த அறையிலேயே பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள். அக்காவின் அறைகளை யார் யார் பிரித்துக்கொள்வது, யார் முன்னாடியே வருவது, யார் முகூர்த்தத்துக்குப் போய் வருவது, யார் சாயங்காலம் போவது. யாரும் யாரிடமும் பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை. நான் செய்கிறேன் என்றார்கள், செய்தார்கள். ஒரு நல்ல குழு எப்படி இருக்கும் என்பதை நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அதன் தலைவருக்கு அது தெரியாது.

கல்யாணத்தன்று காலை என் மேஜைப் போன் அடித்தது. அக்கா. "ஏன்க்கா கூப்பிட்ட, நாங்கதான் எல்லாம் பிரிச்சிகினோமே?" என்று கிசுகிசுத்தேன். "சொல்லாம கொள்ளாம நிக்கறது எனுக்குப் பழக்கம் இல்ல. அவராண்ட குடு" என்றாள். அதற்குள் மேனேஜர் தடுப்புக்கு வெளியே வந்துவிட்டார். ஸ்பீக்கரைத் தானே அழுத்தினார். "யாரும்மா செத்தது?" வழக்கமான கேள்வி.

"யாரும் சாவல சார். எம் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம். நான் வரல." பின்னால் நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. யாரோ "தாலி எங்க, தட்டு எங்க" என்று ஓடுகிற சத்தம். அக்கா வைத்துவிட்டாள்.

அவர் தலையைச் சாய்த்தபடியே கேட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்படிப் பொய் சொல்லுது பாத்தியா? மேளத்தை ரெக்கார்டுல போட்டுகினு பேசுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொய் இல்ல சார். அன்னிக்கு நிச்சயம் ஆச்சில்ல, அந்தப் பொண்ணுக்குத்தான் கல்யாணம்."

பழக்கூடை ஒன்று மேஜையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே புருவத்தைச் சுருக்கினார்.

"எந்த நிச்சயம்?" என்றார். நடிப்பில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.